14 என்ற எண்ணும் 60,000 யூனிட் பொடியும்

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 38, சென்னையில் கணினித் துறை வேலை, சைவ உணவு. சில மாதங்களாக அசதி. முதுகிலும் தொடையிலும் வலி. அலுவலகத்தில் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. மருந்துக் கடையில் 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டுகள் எட்டைக் கொடுத்து, வாரத்துக்கு ஒன்று என்று சொல்லியிருக்கிறார்கள். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும் என்கிறார் தோழி. காலை இளவெயிலில் நின்றாலே போதும் என்கிறார் மாமியார். 72 வயது அம்மாவுக்கும் 11 வயது மகனுக்கும் இதே பரிசோதனையைச் செய்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருந்து சாப்பிடலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இரண்டு விஷயங்கள் என்று எனக்குப் படுகிறது. 14 என்பது ஒரு நோயா? உங்கள் வலிக்கு அதுதான் காரணமா?

பொது மருத்துவத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தச் சீட்டை நீட்டிக் கவலையோடு உட்காருபவர்கள் இல்லாத வாரமே இப்போது இல்லை. உங்களை நேரில் பார்க்காமல் வலியின் காரணத்தை என்னால் சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொல்ல முடியும். முதலில் என் விடை: மருந்தைச் சாப்பிடுங்கள், அளவோடும் காலக்கெடுவோடும். வலிக்கு இதுதான் காரணம் என்று மட்டும் இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வெயிலில் தோல் உண்டாக்கும் வைட்டமின் டியும் உணவிலிருந்து வருவதும் கல்லீரலில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற வடிவத்துக்கு மாறி இரத்தத்தில் சுற்றுகின்றன. பரிசோதனையில் அளப்பது இதைத்தான். இதிலிருந்து சிறுநீரகம் தேவைக்கேற்ப, உண்மையில் வேலை செய்யும் ஹார்மோனைத் தயாரித்துக்கொள்கிறது. உங்கள் அறிக்கையில் 30-க்கு மேல் இருந்தால்தான் சரி என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த 30 என்பது ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்காவின் என்டோகிரைன் சொசைட்டி 2011-இல் வெளியிட்ட பரிந்துரையிலிருந்து பரவியது. அதே 2011-இல் அமெரிக்க இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வேறு கணக்கைச் சொன்னது: மக்களில் பாதிப் பேரின் எலும்புத் தேவைக்கு ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் 16 நானோகிராம் போதும்; 20 இருந்தால் 97.5 சதவீதம் பேரின் தேவை நிறைவேறிவிடும். 2024-இல் என்டோகிரைன் சொசைட்டியே தன் பழைய 30 என்ற இலக்கைக் கைவிட்டுவிட்டது. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. நம் ஊர் அறிக்கைகளில் பழைய எண்தான் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே 22, 26 என்று வந்ததற்காகத் தூக்கம் கெடுபவர்கள் தாராளமாகத் தூங்கலாம்.

உங்கள் 14 அப்படித் தள்ளிவிடக்கூடியதும் இல்லை, பயப்பட வேண்டியதும் இல்லை. எலும்பு நோய்கள் தெளிவாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் 12-க்குக் கீழே போனவர்களிடம்தான். 12-க்கும் 20-க்கும் இடையில் இருப்பவர்களில் சிலருக்குப் போதாமை உண்டு, சிலருக்கு இல்லை; எண்ணை மட்டும் வைத்து யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க இயலாது. பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் முறை மாறுவதால், ஒரே இரத்தம் ஓரிடத்தில் 14 என்றும் இன்னோரிடத்தில் 18 என்றும் வரக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது என்ன? கடுமையான பற்றாக்குறை குழந்தைகளுக்கு எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோயையும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகிவிடும் ஆஸ்டியோமலேசியாவையும் கொண்டுவரும். இவற்றை வைட்டமின் டியும் கால்சியமும் குணப்படுத்தும். 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் புற ஊதா விளக்கொளியைக் காட்டியே ரிக்கெட்ஸ் குழந்தைகளைத் தேற்றினார். அன்றிலிருந்து இதில் விவாதம் இல்லை. வயதானவர்கள் விஷயத்தில் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு முக்கியமானது. முதியோர் இல்லங்களில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மூதாட்டிகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 800 யூனிட் வைட்டமின் டியும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் கொடுத்தார்கள். அவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு கணிசமாகக் குறைந்தது. 1992-இல் வெளியான முடிவு அது. வெயிலே படாமல், கால்சியமும் குறைவாக உண்டு, உண்மையான பற்றாக்குறையில் இருந்தவர்கள் அவர்கள். கிடைத்த பலனுக்கு அதுவே காரணம்.

இப்போது உங்கள் வலிக்கு வருகிறேன். ஆஸ்டியோமலேசியாவின் வலிக்குத் தனி அடையாளம் உண்டு. தொடை, இடுப்புத் தசைகள் வலுவிழக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கும். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கும். விலா எலும்பும் அப்படியே. நடை பக்கவாட்டில் அசையும். இவை இருந்தால் பொடியை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால், இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனையும். ஆல்கலைன் பாஸ்படேஸ் செலவு குறைந்த பரிசோதனை. முழு உடல் பரிசோதனை அறிக்கையின் கல்லீரல் பகுதியில் அது ஏற்கெனவே இருக்கும், எடுத்துப் பாருங்கள். எலும்பு உண்மையிலேயே அவதிப்பட்டால் பெரும்பாலும் அது உயர்ந்திருக்கும்.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல் வெறும் அசதியும் முதுகுவலியும் மட்டும் என்றால், 14-ஐக் குற்றவாளியாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்னையில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேரைப் பிடித்து இரத்தம் எடுத்தால் பலருக்கு இந்த எண்தான் வரும். அவர்களில் வலி இல்லாதவர்களும் ஏராளம். மாதவிடாய் நிற்காத வயது, சைவ உணவு, அசதி என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை. அதன் பிறகு தூக்கம். அதன் பிறகு நாற்காலியில் உட்காரும் நேரமும் மனநிலையும். வைட்டமின் டி குறைவு என்ற ஒரு வரி கண்ணில் பட்டதும் இந்த மற்ற கேள்விகளை எல்லோரும் மறந்துவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். பல மாதம் பொடி சாப்பிட்டும் அசதி போகவில்லை என்று வருபவர்களிடம் பார்த்தால், பி12 அடிமட்டத்தில் இருக்கும், அல்லது தைராய்டு குறைந்திருக்கும்.

சந்தேகத்துக்குரிய பகுதி இனிமேல்தான். இதய நோய், புற்றுநோய், சர்க்கரை நோய், மனச்சோர்வு என்று வைட்டமின் டி குறைவோடு சேர்த்துப் பேசப்படாத நோயே இல்லை. குறைவாக இருப்பவர்களுக்கு இந்த நோய்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் நோயுற்றவர் வெளியே போவதில்லை, பருமனானவர்களுக்கு இரத்தத்தில் அளவு குறைவாகவே தெரியும், உடலில் அழற்சி இருந்தாலே அந்த எண் இறங்கும். எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய, ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேரை அப்படிப் பிரித்து, தினம் 2,000 யூனிட் கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். புற்றுநோய் வருவதும் மாரடைப்பு வருவதும் குறையவில்லை என்று 2018-இல் தெரிந்தது. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-இல் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 21,000 முதியவர்களுக்கு மாதம் ஒருமுறை 60,000 யூனிட் ஐந்து ஆண்டுகள் கொடுத்தும் மரணங்கள் குறையவில்லை. வைட்டல் ஆய்வில், உடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் ஆட்டோ இம்யூன் நோய்கள் 22 சதவீதம் குறைந்ததாக ஒரு தடயம் கிடைத்தது. அதை நம்பி எல்லோருக்கும் மருந்து எழுத இன்னும் நேரம் வரவில்லை.

ஆனால் இந்த ஆய்வுகளைக் காட்டி, வைட்டமின் டி யாருக்கும் தேவையில்லை என்று சொல்பவர்களோடும் நான் உடன்படவில்லை. வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி அளவு தொடக்கத்திலேயே 30-ஐ ஒட்டி இருந்தது. நிறைந்திருக்கும் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, தண்ணீரால் பயனில்லை என்று சொல்வது சரியாகாது. 8, 10 என்று இருப்பவர்களுக்கு அந்த முடிவை அப்படியே தூக்கி வைக்க முடியாது. உங்களைப் போல நடுவில் இருப்பவர்களுக்கு மருந்தால் சிறு நன்மை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; சரியான அளவில் தீங்கு மிகக் குறைவு, செலவும் அதிகமில்லை. நான் சாப்பிடச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

இத்தனை வெயில் காயும் ஊரில் ஏன் இந்தப் பற்றாக்குறை என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. உங்கள் மாமியாரின் யோசனைக்கும் அதில்தான் பதில். வைட்டமின் டியை உண்டாக்குவது வெயிலின் வெப்பமோ வெளிச்சமோ இல்லை. புற ஊதா பி என்ற கதிர். சூரியன் சரிவாக இருக்கும்போது இந்தக் கதிர் வளிமண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். காலை 7 மணி இளவெயில் மனதுக்கு இதம், நடைப்பயிற்சிக்கு நல்லது, ஆனால் அதில் இந்தக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. திருப்பதியில் நடந்த ஆய்வில் வைட்டமின் டி நன்றாக உருவாகும் நேரம் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்று கண்டார்கள். சென்னைக்கும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயனுள்ள நேரம். கண்ணாடி ஜன்னல் இந்தக் கதிரை நிறுத்திவிடும். ஆகவே காருக்குள்ளோ அலுவலக ஜன்னலோரத்திலோ விழும் வெயில் கணக்கில் சேராது. நம் தோலின் கருமையும் ஒரு கவசம். வெளிர்நிறத் தோலைவிட நமக்குப் பல மடங்கு நேரம் தேவைப்படும். எத்தனை நிமிடம் என்று ஒரே எண்ணைக் கேட்பார்கள். நேர்மையாகச் சொன்னால், எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. கையும் காலும் வெளியில் தெரிய, மதிய நேரத்தில் 20, 30 நிமிடம், வாரத்தில் சில நாட்கள் என்பது நியாயமான தொடக்கம். சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னையின் நண்பகல் வெயிலில் யாரையும், முக்கியமாக வயதானவர்களை, நிறுத்தி வைக்க நான் சொல்ல மாட்டேன். லூபஸ் என்ற ஆட்டோ இம்யூன் நோய் போன்றவை உள்ளவர்களுக்கு வெயிலே ஆகாது. வெயிலைச் சரியாகப் பயன்படுத்த இயலாத வாழ்க்கைமுறை அமைந்துவிட்டவர்கள் சிறிய அளவில் மருந்து சாப்பிடுவதில் குறை ஒன்றும் இல்லை.

உணவில் வைட்டமின் டி நிறைய இருப்பது மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களில்; ஓரளவு முட்டை மஞ்சள் கருவில். சைவ உணவில் மிகக் குறைவு. வெயிலில் காயவைத்த காளானில் உண்டு. வைட்டமின் ஏயும் டியும் சேர்த்த பாலும் சமையல் எண்ணெயும் பிளஸ் எஃப் என்ற முத்திரையோடு கடைகளில் கிடைக்கின்றன; அவற்றை வாங்குவது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி 14-ஐ உயர்த்த முடியாது. நீங்கள் சைவம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் டி3 பெரும்பாலும் ஆட்டுக் கம்பளி மெழுகிலிருந்து தயாராகிறது. அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை. மென்கேப்ஸ்யூலின் உறை பல நேரம் ஜெலட்டின், அது விலங்கிலிருந்து வருவது. அதில் உங்களுக்கு உறுத்தல் இருந்தால் பொடியையே தொடருங்கள்.

வைட்டமின் டியைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள் கால்சியத்தை மறந்துவிடுகிறார்கள். நம்மில் பலர் சாப்பிடும் கால்சியம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பெரியவர்களுக்குச் சொல்லும் தினம் 1,000 மில்லிகிராமில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. கால்சியம் குறைந்தால் உடல் இருக்கும் வைட்டமின் டியை வேகமாகச் செலவழிக்கும். அரிசி, கோதுமையை மட்டுமே நம்பும் சாப்பாட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற தானியப் பொருள், கிடைக்கும் கால்சியத்தையும் கட்டிப்போடும். நைஜீரியாவில் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகள் வெறும் கால்சியத்திலேயே தேறினார்கள் என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஊரிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, முருங்கைக்கீரையிலும் அப்படியே. தயிர், மோர், எள் இவற்றைத் தினசரிச் சாப்பாட்டில் சேருங்கள். மாத்திரையாகக் கால்சியம் வேண்டுமா என்பதை, சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். தேவையில்லாமல் சேர்ந்தால் சிறுநீரகக் கல்லுக்கு இடம் கொடுக்கும்.

அளவுக்கு வருவோம். வாரம் ஒருமுறை 60,000 யூனிட், எட்டு வாரம் என்பது நம் நாட்டில் வழக்கமான, ஏற்கத்தக்க முறை. நாள் கணக்கில் அது சுமார் 8,500 யூனிட் ஆகிறது. எலும்பு நோய் அடையாளம் இல்லாத, 14 போன்ற அளவுக்குத் தினம் 1,000 முதல் 2,000 யூனிட் என்று மூன்று மாதம் எடுத்தாலும் 20-ஐத் தாண்டிவிடுவீர்கள். நானாக இருந்தால் இதையே விரும்புவேன். பாக்கெட்டை வாங்கிவிட்டீர்கள் என்பதால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எட்டு முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு தினம் 600 முதல் 1,000 யூனிட், அல்லது மாதம் ஒரு பாக்கெட் போதும்; மாதம் ஒன்று என்பது நாளுக்கு 2,000 யூனிட்தான். உங்கள் வாழ்க்கை மாறி மதிய வெயில் கிடைக்கத் தொடங்கினால் அதையும் நிறுத்தலாம். ஆயுள் தண்டனை போல யாரும் இதைச் சுமக்க வேண்டியதில்லை.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது உயிரோடு விளையாடும் இடம். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் உண்டு. மூட்டுவலிக்கு ஆறு லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம், கடைசியில் சிறுநீரகச் செயலிழப்பு. மருந்தை நிறுத்தினாலும் கொழுப்பில் சேர்ந்தது வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கீழே விழுந்தார்கள், அவர்களுக்கு எலும்பு முறிவும் அதிகமாக ஏற்பட்டது. 2010-இல் வந்த முடிவு அது. ஒரே தடவையில் வேலை முடிந்தது என்ற ஆசையை விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கல், சிறுநீரக நோய், உறுப்புகளில் அழற்சித் திட்டுகள் உண்டாகும் சார்கோய்டோசிஸ், பாராதைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்தப் பொடியைத் தொடவே கூடாது. ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்தோ காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ எடுப்பவர்களுக்கு நேர் எதிராகக் கூடுதல் அளவு தேவைப்படலாம்.

அம்மாவுக்குப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. 72 வயதில், வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்றால், தினம் 800 யூனிட்டைப் பரிசோதனை இல்லாமலே தொடங்கலாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர், கூன் விழத் தொடங்கியவர் என்றால் வைட்டமின் டி மட்டும் போதாது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து அதற்கான சிகிச்சையைத் தொடங்க வேண்டும். மகன் ஓடியாடி விளையாடுகிறான், வளர்ச்சி சரியாக இருக்கிறது, கால் வளையவில்லை என்றால் பரிசோதனைக்காக அவனுக்கு ஊசி குத்த வேண்டாம். பாலும் கேழ்வரகும் கொடுங்கள், பள்ளி இடைவேளையில் மைதானத்துக்கு விரட்டுங்கள். வளரும் பிள்ளை என்பதால் தினம் 600 யூனிட் கொடுக்க விரும்பினாலும் தவறில்லை. வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக: தாய்ப்பாலில் வைட்டமின் டி போதாது, பிறந்ததிலிருந்து முதல் பிறந்தநாள் வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். இதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பொடியை எப்படிச் சாப்பிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். இது கொழுப்பில் கரைவது, அதனால் வெறும் வயிற்றில் தண்ணீரில் கலந்து குடிப்பதைவிட மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் பாலில் கலந்து குடியுங்கள். வாரத்தில் ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒருமுறை அளவு பார்த்தால் போதும். 20-க்கு மேல் இருந்தால் மறுபடி மறுபடி பார்க்காதீர்கள். அதற்குள் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு முடிவுகளைக் கையில் வாங்கிவிடுங்கள். அளவு ஏறியும் வலி அப்படியே இருந்தால் அடுத்த எட்டுப் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போகாமல், உங்களைப் படுக்கவைத்து முதுகையும் இடுப்பையும் தொட்டுப் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் போங்கள்.